கடற்கரைத் தாளில் ஒரு ஓட்டை

அத்தியாயம் ஆறு

ஓட்டை பெரியதில்லை. மழைக்கோட்டுப் பொத்தான் ஒன்றை எடுத்து வைத்தால் மூடிவிடும். அந்த அளவு காகிதத்தில்தான் ஒரு ஊர் இருந்தது.

"எவ்வளவு சுத்தமான திருட்டு பாருங்க சார்," என்றான் லோடு. "வீடு வீடாப் புகுந்து எடுக்குற கஷ்டமே இல்ல. மொத்த ஊரையும் சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டான்."

கண்ணாடி ஓட்டையிலிருந்து நிமிர்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். அதைத் துடைத்துத் துடைத்தே அந்தப் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்யான விபத்துகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர், இப்போது தனியாகத் துப்பறிகிறார். மனைவி போனதிலிருந்து அவர் முகத்தில் வெயிலும் கிடையாது, மழையும் கிடையாது.

லோடு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். இடுப்பு விட்டுப்போனபிறகு கண்ணாடியிடம் சேர்ந்தான். எழுத்துக் கற்றுக்கொண்டது அதற்கும் பிறகுதான். வேலை எப்படி என்று யாராவது கேட்டால், "அங்க தூக்கும்போதே கனம். இங்க உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சப்புறம்தான் கனம்," என்பான்.

இருவருக்கும் எதிரில் ஐஸ் அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஐஸ் கம்பெனியில் பாளம் உடைக்கிறவள். காலையில் வேலைக்குப் போகாமல் நேராகக் கண்ணாடியின் அறைக்கு வந்து, உட்காரச் சொன்னபோதும் உட்காராமல் விஷயத்தைச் சொன்னவள். அப்போது சொன்ன அதே குரலில் இப்போதும் பேசினாள்.

"இங்கதான் சார் எங்க ஊரு இருந்துச்சு. இப்ப இல்ல."

நில அளவை அலுவலகத்தின் வரைபட அறையில், மேஜைமேல் விரித்திருந்த தாள் ஒரு பழைய வரைபடம். ராணுவம் தனக்காக அச்சடித்துக்கொண்டது. கடற்கரை முழுதும் அதில் இருந்தது. வடக்கே முனையில் பீரங்கி மேடை. அதை ஒட்டிப் போர்க்கப்பல் நிற்கும் துறை. உள்ளே தள்ளி விமானம் இறங்கும் ஓடுபாதை, வெடிமருந்துக் கிடங்கு. மேடும் பள்ளமும் பழுப்புக் கோடுகளாக வளைந்து வளைந்து போயின. தெற்கே, படகுத்துறைக்குச் சற்று மேலே, ஐஸ் அக்காவின் ஊர். அதாவது இப்போது ஓட்டை.

அக்கா சிறுமியாக இருந்தபோது படைத்தளம் தெற்கே பெருகியது. வேலி நகர்ந்து நகர்ந்து வந்து ஊரையும் உள்ளே எடுத்துக்கொண்டது. ஒரு காகிதமும் கொடுக்காமல் ஜனங்களை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்த் தகரக் கொட்டகை வீடுகளில் இறக்கினார்கள். அங்கேயே அவர்களுக்கு நரை விழுந்தது. போன வருஷம் தளத்தை மூடிவிட்டார்கள். அந்த நிலம் இப்போது ஒரு கண்டெய்னர் கம்பெனிக்குப் போகிறது. நாளைக் காலை காங்கிரீட் லாரிகள் வருகின்றன.

தடுக்க ஒரே வழிதான் இருந்தது. தளம் வருவதற்கு முன்னால் அங்கே ஊர் இருந்தது என்று நிரூபித்தால், அந்த ஊரின் புதைகுழிகள்மேல் யாரும் கைவைக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. கடையில் கிடைக்கும் பொது வரைபடத்தில் அந்த இடம் வெறும் புதர்க்காடு. ஊரைக் காட்டியது இந்த ராணுவத் தாள் மட்டும்தான். மற்ற பிரதிகளையெல்லாம் எப்போதோ எரித்துவிட்டார்கள். இது ஒன்று தப்பி, இந்த வரைபட அறையின் அலமாரியில் கிடந்தது. இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி விசாரணை. அதற்காகக் காலையில் எடுத்து விரித்தால் ஓட்டை.

"அங்க உங்களுக்கு யாரு அக்கா இருக்காங்க?" என்றான் லோடு.

"தம்பி."

"என்ன செய்யறாரு?"

"ஒண்ணும் செய்யலை. பொறந்து கொஞ்ச நாள்ல காய்ச்சல் வந்துச்சு. கிணத்துப் பக்கத்துல அப்பா வெச்சுட்டு வந்தாரு. நான்தான் தூக்கிட்டுப் போனேன். அப்பா கையில மண்வெட்டி இருந்துச்சு."

லோடு வாயை மூடிக்கொண்டான். அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

அறையின் மூலையில் சாவிக்காரர் நின்றிருந்தார். அலமாரிகளின் சாவிக்கொத்து அவர் இடுப்பில் தொங்கியது. அவர் திறந்தால்தான் எந்தத் தாளும் வெளியே வரும். அதனால் எல்லாருடைய கண்ணும் அவர்மேல்தான். கம்பெனி வக்கீல் காலையிலேயே விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டாராம். சாவிக்காரரும் ஊர்க்காரர்களும் சேர்ந்து வெட்டிவிட்டார்கள், அந்த இடத்தில் ஊர் இல்லாததை மறைக்கத்தான் வெட்டினார்கள் என்று.

"உங்க மேஜை டிராயர்ல பிளேடு இருக்கா அண்ணே?" என்று கேட்டார் கண்ணாடி.

"இருக்கு சார். பென்சில் சீவ."

"இங்க பென்சிலே கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கே?"

"வர்றவங்களுக்குத்தான் சார் கூடாது. எனக்குக் கூடும்."

லோடு அந்தப் போர்டின் பக்கம் திரும்பினான். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தான்.

"பேனா கூடாது. பென்சில் கூடாது. கேமரா, செல்போன் கூடாது. நகல் எடுக்கக் கூடாது. தின்பண்டம் கூடாது. உரக்கப் பேசக் கூடாது." திரும்பினான். "மூச்சு விடலாமான்னு தெளிவா போடலையே அண்ணே?"

சாவிக்காரர் சிரிக்கவில்லை. வேலை போகப்போகிற மனிதருக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

கண்ணாடி பூதக்கண்ணாடியை எடுத்து ஓட்டையின் ஓரத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு லோடிடம் நீட்டினார்.

"என்ன தெரியுது?"

"ஓட்டை தெரியுது சார். பெருசா."

"ஓரத்தைப் பாரு."

லோடு குனிந்தான். "பிசிறு பிசிறா இருக்கு. என் சட்டைக் காலர் மாதிரி."

"உன் காலரை யாராவது பிளேடு போட்டு வெட்டினாங்களா?"

"அப்ப எலி சார்! எலிதான்! கேஸ் முடிஞ்சுது. எலியைக் கூண்டுல ஏத்திடலாம்."

"எலி இங்க வராது," என்றார் சாவிக்காரர். "அலமாரி பூரா மருந்து."

கண்ணாடி இன்னொன்றையும் காட்டினார். தாளின் மற்ற இடமெல்லாம் நேற்று அச்சடித்ததுபோல் இருந்தது. பீரங்கி மேடையை யாரும் சீண்டவில்லை. ஓடுபாதையில் ஒரு கறைகூட இல்லை. ஆனால் தெற்கே படகுத்துறையிலிருந்து புறப்பட்டு, மணல்மேட்டைச் சுற்றி வளைந்து, ஓட்டைவரைக்கும் ஒரு மங்கலான அழுக்குத் தடம் போயிற்று. விளக்கில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் பளபளத்தது.

"திருடன் நடந்து போன பாதையா சார்?"

"அப்படித்தான் வெச்சுக்கோ," என்றார் கண்ணாடி.

வக்கீல் போன மாதம் இந்தத் தாளைப் பார்க்க வந்திருந்தார் என்று சாவிக்காரர் சொன்னார். லோடுக்கு அது போதுமானதாக இருந்தது.

"சார், யோசிச்சுப் பாருங்க. ஊரு இல்லாமப் போனா லாபம் யாருக்கு? கம்பெனிக்கு. கம்பெனிக்கு யாரு? வக்கீல். வக்கீல் கோட்டுக்கு எத்தனை பை? உள்ளேயும் வெளியேயும் பை. எனக்கு ஒரே ஒரு பை, அதுவும் ஓட்டை."

"வா, கேட்டுடலாம்."

வக்கீல் கீழே கேன்டீனில் இருந்தார். முன்னால் தேநீர், பக்கத்தில் கைப்பை. இவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்காமலேயே நாற்காலியைக் காட்டினார். வழவழப்பான மனிதர். கோபமே வராத குரல்.

"போன மாசம் அந்தத் தாளைப் பார்த்தீங்களா?" என்றார் கண்ணாடி.

"பார்த்தேன். எதிராளி கையில என்ன இருக்குன்னு பார்க்கறதுதானே என் வேலை."

"ஊர் இருந்துச்சா?"

வக்கீல் தேநீரைக் கலக்கினார். "இது விசாரணையில்ல. அதனால உண்மையைச் சொல்றேன். ஏதோ இருந்துச்சு. படிக்க முடியலை. எழுத்து மங்கிப்போயி, காகிதம் வெங்காயத் தோல் மாதிரி ஆயிருந்துச்சு. நடுவுல ஊசி குத்தினாப்ல ஒரு துளை."

"அப்பவே துளை இருந்துச்சா?"

"இருந்துச்சு. நான் எதுக்குங்க வெட்டணும்? அதுவே போயிட்டிருந்துச்சு. நான் சும்மா காத்திருந்தாப் போதும்." அவர் லோடைப் பார்த்தார். "உங்க ஆளு என் கோட்டையே பார்க்கறாரே?"

"நல்ல தையல் சார்," என்றான் லோடு. "எந்தப் பையில என்ன இருக்குன்னு வெளிய தெரியவே மாட்டேங்குது."

வெளியே வந்ததும் லோடு பெருமூச்சு விட்டான். "எனக்கு அந்த ஆளைப் பிடிச்சு உள்ள போடணும்னு ஆசையா இருந்துச்சு சார். பொய் சொல்லியிருந்தாக்கூட சந்தோஷமா இருந்திருக்கும்."

"அவரு சொன்னது நிஜம்."

"அதான் சார் கஷ்டம்."

மாடிக்கு ஏறும் நடையின் சுவரில் ஐந்து சட்டங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. அழகுக்காக எப்போதோ மாட்டி, தூசி தட்ட மறந்த சட்டங்கள். ஒரே கடற்கரையின் படம்தான் ஐந்திலும். ஆனால் ஒன்றில் கறுப்பு மட்டும். ஒன்றில் நீலம் மட்டும். மற்றவற்றில் பச்சை, பழுப்பு, சிவப்பு.

"என்ன சார் இது, மை தீர்ந்துபோயி அரைகுறையா விட்டுட்டாங்களா?"

"ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தகடு. ஒண்ணுமேல ஒண்ணா அச்சடிச்சாத்தான் முழுப்படம் வரும்."

லோடு நின்று பார்த்தான். கறுப்பில் வீடுகள், பெயர்கள், வேலிகள். நீலத்தில் கடல், ஓடை, குளம். "கறுப்புல ஆளுங்க இருக்காங்க. நீலத்துல ஒருத்தரும் இல்ல. வெறும் தண்ணி."

கண்ணாடி ஒரு படி ஏறியவர் அப்படியே நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் பிடித்தபடி நின்றார். பிறகு மேலே ஏறினார்.

வரைபட அறையில் ஐஸ் அக்கா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. சாவிக்காரர் தன் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார். அதுவும் காலி.

லோடு சாவிக்காரரின் மேஜைமேல் கிடந்த செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். விரலை வைத்தான். உதடு அசைய அசையப் படிக்கத் தொடங்கினான். தெரியாத ஒரு சொல் வந்ததும் விரல் அங்கேயே நின்றது. நின்ற இடத்தில் மெல்லச் சுழன்றது. சொல் பிடிபட்டதும் நகர்ந்தது. அவன் கடந்துபோன வரிகளின் கீழெல்லாம் மை இழுபட்டிருந்தது. விரல் நின்று சுழன்ற இடத்தில் மட்டும் காகிதம் கறுத்து, நூல் கிளம்பியிருந்தது.

கண்ணாடி அதைப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த போர்டைப் பார்த்தார். சற்றுமுன் லோடு படித்த வரிகளின் கீழே, சட்டத்தின் கண்ணாடிப் பரப்பில், வரைபடத்தில் கண்ட அதே மங்கலான பளபளப்பு.

"சாவிக்காரரே," என்றார் மெதுவாக. "கொட்டகை வீட்டு ஜனங்க இந்தத் தாளைப் பார்க்க வருவாங்களா?"

"வருவாங்க சார். ரொம்ப வருஷமா வர்றாங்க. லீவு கெடைச்சா வருவாங்க. கல்யாணம் முடிஞ்சா புதுப்பொண்ணைக் கூட்டிட்டு வருவாங்க. போன வாரம் விசாரணை வருதுன்னு மொத்தமா வந்தாங்க. நடைவரைக்கும் வரிசை நின்னுச்சு. சாயந்தரம் சரியாப் பார்க்காமலே எடுத்து உள்ள வெச்சேன்."

"வந்து என்ன செய்வாங்க?"

"பார்ப்பாங்க. போவாங்க."

"பேனா கிடையாது. போட்டோ கிடையாது. வெறும் கண்ணால மட்டும் பார்த்துட்டுப் போயிடுவாங்களா?"

சாவிக்காரரின் கை சாவிக்கொத்துக்குப் போயிற்று. ஒன்றொன்றாக உருட்டினார்.

"தொடக் கூடாதுன்னு போர்டுல போடலை சார்," என்றார்.

விசாரணை அதிகாரி அம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். தாள் அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பதால் விசாரணையே அறைக்கு வந்தது. அவருக்குக் கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்தார். வக்கீல் பக்கத்தில் நின்றார்.

"யாரு வெட்டினாங்கன்னு கண்டுபிடிச்சாச்சா?" என்றார் அதிகாரி. கேள்வியில் அக்கறை இல்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டிய குரல்.

"யாரும் வெட்டலை மேடம். காட்டுறேன்."

கண்ணாடி பழைய தாளை ஒதுக்கி வைத்தார். கீழே விற்பனைப் பிரிவில் கிடைக்கும் பொது வரைபடத்தை மேஜைமேல் விரித்தார். அதே கடற்கரை. அதே அளவு. ஆனால் பீரங்கி மேடை இல்லை, ஓடுபாதை இல்லை, ஊர் இல்லை. எங்கும் புதர்க்காட்டுப் பச்சை.

"அக்கா, இங்க வாங்க. கண்ணை மூடிக்குங்க. விரலை வெச்சு உங்க வீட்டுக்குப் போங்க."

ஐஸ் அக்கா அவரை ஒரு தடவை பார்த்தாள். கண்ணை மூடினாள். வலது சுட்டுவிரலைத் தாளில் வைத்தாள். தேடவே இல்லை. நேராகப் படகுத்துறையில் போய் விழுந்தது விரல். அங்கிருந்து புறப்பட்டது. மணல்மேடு வந்ததும் தானாகவே வளைந்தது. கொஞ்ச தூரம் ஏறிற்று. நின்றது.

நின்ற இடத்தில் தேய்க்கத் தொடங்கியது. சின்னச் சின்ன வட்டமாக. நகக்கண் வெளுக்கும்படி அழுத்தி.

அறையில் எல்லாரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சை நிறத்திலிருந்து மெல்லிய பிசிறு ஒன்று எழும்பியது.

"வலிக்கலையா அக்கா?" என்றான் லோடு.

"என்ன வலிக்கலையா?"

"இவ்வளவு அழுத்தறீங்களே."

அவள் கண்ணைத் திறந்தாள். தன் விரலைத் தூக்கிப் பார்த்தாள். "அழுத்தறேனா? தெரியலை. இந்தக் கையில விரல்ல ஒண்ணும் தெரியாது. ஐஸ்லயே கெடந்து செத்துப்போச்சு. எங்க கம்பெனியில எல்லாருக்கும் அப்படித்தான்."

"கொட்டகை வீட்டுல எத்தனை பேருக்கு ஐஸ் கம்பெனியில வேலை?" என்றார் கண்ணாடி.

"வேற எங்க சார் வேலை கொடுக்கறாங்க? எல்லாரும் அங்கதான்."

கண்ணாடி பழைய தாளை எடுத்து அதிகாரியின் முன் வைத்தார். "மேடம், எழுதிக்கவும் கூடாது, படம் எடுக்கவும் கூடாது. அவங்ககிட்ட மிச்சம் இருந்தது விரல்தான். மரத்துப்போன விரல். காகிதம் தேயறது அதுக்குத் தெரியாது. இத்தனை வருஷமா இவங்க எல்லாரும் படகுத்துறையில இறங்கி வீட்டுக்கு நடந்து போயிருக்காங்க. போய்ச் சேர்ந்த இடம் தேஞ்சு தேஞ்சு போன வாரத்தோட விட்டுப்போச்சு."

மின்விசிறி சுற்றியது.

"அப்ப நான்தானா?" என்றாள் ஐஸ் அக்கா.

அழுகை இல்லை. அதிர்ச்சிகூட இல்லை. கணக்கு எங்கோ பிசகிவிட்டதைச் சரிபார்ப்பதுபோல் கேட்டாள்.

"நாங்களேதானா?"

வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், நான் இவங்களுக்காக வருத்தப்படறேன். ஆனா சட்டம் ஒண்ணுதான் கேக்குது. ஊரு இருந்ததுக்கு அத்தாட்சி எங்க? இருந்த ஒரே அத்தாட்சியை இவங்களே அழிச்சுட்டாங்கன்னு இவரே நிரூபிச்சுட்டாரு. பொது வரைபடத்துல புதர்க்காடு. அவ்வளவுதான் மிச்சம்."

அதிகாரி தும்மினார். மூக்கைத் துடைத்தார். பேனாவை எடுத்தார்.

"சார்," என்று கிசுகிசுத்தான் லோடு. "நாம அக்கா பக்கம்தானே?"

"கொஞ்சம் பொறு," என்றார் கண்ணாடி.

அவர் பழைய தாளைத் தூக்கினார். பொது வரைபடத்தின் மேல் இறக்கினார். நான்கு மூலைகளிலும் இருந்த சிலுவைக் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்வரை மெல்ல நகர்த்தினார். கரைமேல் கரை பொருந்தியது.

"இப்ப ஓட்டை வழியா பாருங்க மேடம்."

அதிகாரி வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். இன்னும் குனிந்தார்.

ஓட்டைக்குள் புதர்க்காட்டுப் பச்சை தெரிந்தது. பச்சைக்குள் கடுகு கடுகாக நீலப் புள்ளிகள். ஒன்றிரண்டு இல்லை, ஒரு கும்பலாக. பெயர் இல்லை, எழுத்து இல்லை. அந்தப் பெரிய தாளில் எங்கே பார்ப்பது என்று தெரியாதவன் கண்ணில் ஆயுசுக்கும் படாது.

"என்ன இது?"

"கிணறு மேடம். ஓரத்துல குறி விளக்கம் போட்டிருக்கு, பாருங்க."

அதிகாரி பார்த்தார். நீலப் புள்ளி, கிணறு.

"இந்த ரெண்டு தாளும் அதே அஞ்சு தகடுகள்ல அச்சடிச்சது," என்றார் கண்ணாடி. "பொதுமக்களுக்கு விக்கும்போது ராணுவத் தளத்தை மறைக்கணும். வீடு, பேரு, வேலி, மேடை எல்லாம் கறுப்புத் தகட்டுல இருக்கு. அதைச் சுரண்டச் சொல்லியிருக்காங்க. சுரண்டினவரு சொன்ன வேலையைச் சுத்தமா செஞ்சிருக்காரு. ஊரையும் சேர்த்தே சுரண்டிட்டாரு. பச்சையில புதரை நிரப்பிட்டாங்க. நீலத் தகட்டை யாரும் எடுத்தே பார்க்கலை. தண்ணியில என்ன ரகசியம் இருக்கப்போகுதுன்னு விட்டிருப்பாங்க. ஆளில்லாத புதருக்குள்ள இத்தனை கிணறு யாரு வெட்டுவாங்க மேடம்?"

"மானுக்குத் தாகம் எடுத்திருக்கும்," என்றான் லோடு. "வாளி, கயிறோட."

வக்கீல் அசரவில்லை. "ராணுவம் வெட்டியிருக்கலாமே? தளத்துக்குத் தண்ணி வேணுமே?"

கண்ணாடி பொது வரைபடத்தின் அடி ஓரத்தைக் காட்டினார். "நிலத்தை அளந்த வருஷத்தையும் இவங்க மாத்தலை. பழைய தாள்லயும் இதே வருஷம்தான். வேலி தெற்கே வர்றதுக்கு முந்தி. அப்ப ராணுவம் முனையிலதான் இருந்துச்சு. வேலி என்னைக்கு வந்துச்சுன்னு உங்க கம்பெனி கொடுத்த மனுவிலேயே இருக்கு."

வக்கீல் தன் மனுவைப் புரட்டினார். புரட்டிவிட்டு மூடினார். முதல்முறையாக அவருக்கு வைக்க இடமில்லாத ஒரு கை இருந்தது. அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

அதிகாரி அம்மா நிமிரவே இல்லை. ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஊரு இருந்ததுக்கு இது போதுமான்னு மேலதான் முடிவு பண்ணணும்," என்றார். "ஆனா நாளைக்கு லாரி வராது. ஆளை அனுப்பிக் கிணறுகளைத் தேடச் சொல்றேன். கிணறு இருந்தா குழியும் இருக்கும். அதுவரைக்கும் ஒரு சட்டி சிமென்ட் அங்க விழக் கூடாது." எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுபடி தும்மினார். சாவிக்காரரைப் பார்த்து, "நீங்க போர்டுல இன்னொரு வரி சேர்த்துடுங்க," என்றார்.

"சரிங்கம்மா."

"இல்ல, வேண்டாம்," என்றார் போகும்போது. "இருக்கட்டும்."

அவர் போனார். வக்கீலும் போனார். சாவிக்காரர் தன் காலி நாற்காலியில் போய் மெதுவாக உட்கார்ந்தார். இடுப்புச் சாவிகள் சத்தம் போட்டன.

ஐஸ் அக்கா மட்டும் மேஜையருகில் நின்றாள். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள். தன் கைகளை நம்பாதவள்போல.

"அக்கா," என்றார் கண்ணாடி. "நீங்க தேய்க்கலைன்னா எந்த இடத்தைப் பார்க்கணும்னு எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

அவள் தலையசைத்தாள். அது ஆறுதலா, கேட்டுக்கொண்டதற்கு அடையாளமா என்று சொல்ல முடியவில்லை.

லோடு எப்போது கீழே போனான் என்று யாரும் கவனிக்கவில்லை. மூச்சிரைக்க மேலே வந்தான். கையில் சுருட்டிய தாள். விற்பனைப் பிரிவிலிருந்து வாங்கிய பொது வரைபடம், புதிது. அக்காவிடம் நீட்டினான்.

"கீழ மலை மாதிரி அடுக்கி வெச்சிருக்கான் அக்கா. வாங்கத்தான் ஆளில்லையாம். இது உங்களுது. எவ்வளவு வேணும்னாலும் தேய்ங்க. ஓட்டை விழுந்தா அடுத்ததை வாங்கிக்கலாம்."

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்தாள். தாளைப் பெஞ்சின்மேல் விரித்தாள். ஓரங்கள் சுருண்டுகொண்டன. லோடு ஒரு பக்கம் பிடித்தான், கண்ணாடி மறுபக்கம் பிடித்தார். அவள் குனிந்து நீலப் புள்ளிகளைத் தேடினாள். இப்போது அவளுக்கு இடம் தெரியும்.

"கடலைப் பார்த்தாப்ல தனியா ஒண்ணு இருக்கே. அதுக்குப் பக்கத்துலதான் தம்பி," என்றாள்.

வலது கை முன்னே வந்தது. பாதியில் நின்றது. அதை மடக்கிக்கொண்டாள். இடது கையை நீட்டினாள். சுண்டுவிரலைத் தனியே பிரித்தாள்.

"இந்த ஒரு விரல்ல மட்டும் இன்னும் கொஞ்சம் தெரியும்," என்றாள்.

புள்ளியின்மேல் வைத்தாள். தேய்க்கவில்லை. சும்மா வைத்திருந்தாள். தாளின் இரண்டு முனைகளையும் பிடித்தபடி அவர்கள் இருவரும் அசையாமல் நின்றார்கள்.

நெடுநேரம் கழித்து அவள் சொன்னாள்.

"சொரசொரன்னு இருக்கு சார்."